காற்று எந்த நேரத்தில் வேண்டும்?

கட்டடங்களுக்கு நடுவே காற்று ஓடுவதைக் காட்டும் வண்ணப் படம் இல்லாத பெரிய கட்டுமானத் திட்ட அறிக்கை இப்போது அபூர்வம். வேகமான இடம் சிவப்பு, மந்தமான இடம் நீலம், நடுவில் பச்சையும் மஞ்சளும், எல்லாவற்றுக்கும் மேலே பாம்பு பாம்பாக நெளியும் கோடுகள். பக்கத்திலேயே ஒரு வரியும் இருக்கும், இந்த வடிவமைப்பு வெப்பத்தைக் குறைக்க உதவும் என்று. அந்தப் படங்களைப் போட்டுத் தரும் வேலையில்தான் நானும் இருக்கிறேன். அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்: அவற்றில் பலவற்றுக்கும் வெப்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கணக்கைச் சரியாகவே போட்டிருப்பார்கள். ஆனால் காற்று நன்றாக வீசும் நேரத்துக்குப் போட்ட கணக்கு அது. மக்கள் தூக்கம் வராமல் புழுங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தக் காற்றே ஊரில் இருக்காது.

காற்றோட்ட சிமுலேஷன், அதாவது காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது, நகரத் திட்டமிடலுக்கு உண்மையிலேயே பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த நேரத்துக் காற்றுக்காகச் செய்கிறோம், திட்டத்தின் எந்தக் கட்டத்தில் செய்கிறோம் என்ற இரண்டையும் வைத்துத்தான் அதற்கு மதிப்பு. மென்பொருள், கம்ப்யூட்டர் வேகம், படத்தின் பளபளப்பு எல்லாம் அப்புறம்.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். நகரம் தன்னைச் சுற்றியுள்ள வயல்வெளியைவிடச் சூடாக இருக்கிறது என்பதை லூக் ஹோவர்ட் 1810களிலேயே லண்டனில் அளந்து எழுதிவிட்டார். மருந்து தயாரிப்புத் தொழில் செய்தவர், மேகங்களுக்குப் பெயர் வைத்த அதே ஆள்தான். அவர் அளவீடுகளில் வித்தியாசம் பெரும்பாலும் இரவில்தான் தெரிந்தது. பகலில் நகரத்துக்கும் வெளியூருக்கும் பெரிய மாற்றம் இல்லை. இருநூறு வருடம் ஆகியும் அடிப்படைக் கதை மாறவில்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேர்த்துவைத்த கான்கிரீட்டும் தாரும் இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கின்றன, எதிரெதிரே நிற்கும் சுவர்கள் அதை வானத்துக்குப் போகவிடாமல் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொள்கின்றன.

கனடாவைச் சேர்ந்த நகரத் தட்பவெப்ப ஆய்வாளர் டிமதி ஓக் 1981இல் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். கட்டட உயரத்தைத் தெருவின் அகலத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையை 3.94ஆல் பெருக்கி, 7.54ஐக் கூட்டினால், நகர மையம் அதிகபட்சம் எத்தனை செல்சியஸ் டிகிரி கூடுதலாகச் சூடாக இருக்கும் என்பது வரும். உயரமும் அகலமும் சமமாக இருந்தால் 7.5 டிகிரி. உயரம் இரண்டு மடங்கானால் 10 டிகிரியைத் தாண்டிவிடும். மிதவெப்ப நாடுகளின் நகரங்களை வைத்துச் செய்த சூத்திரம் இது, வெப்பமண்டல ஊர்களில் பொதுவாக இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் இதன் நிபந்தனை முக்கியம்: மேகமும் காற்றும் இல்லாத இரவு. காற்று கொஞ்சம் எழுந்தாலே இந்த வித்தியாசம் மளமளவென்று குறையும். ஆக, நகரத்தின் வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரமும் காற்று செத்துக் கிடக்கும் நேரமும் ஒன்றேதான்.

பகல் வேறு கதை. நண்பகலில் தெருவில் நிற்பவரை வாட்டுவது காற்றின் வெப்பநிலையைவிட நேராக மேலே விழும் வெயிலும், சுவரும் தரையும் வீசும் அனலும்தான். நிழலில் நிற்பவர் உணரும் கதிர்வீச்சுக்கும் வெயிலில் நிற்பவர் உணரும் கதிர்வீச்சுக்கும் வெப்பநிலைக் கணக்கில் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாம், பக்கத்தில் தொங்கும் வெப்பமானி இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டினாலும்கூட. பகலில் முதல் வேலை நிழல், காற்று இரண்டாவது. இரவில் நிழலுக்கு வேலை இல்லை, சேர்ந்த சூட்டை வெளியே தள்ளக் காற்று வேண்டும். இந்த இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்புவதுதான் பல அறிக்கைகளின் முதல் கோளாறு.

சரி, தெருவுக்குள் காற்று எப்படி நுழைகிறது? காற்று தெருவுக்குக் குறுக்கே வீசும்போது என்ன ஆகும் என்பதை ஓக் 1988இல் மூன்று நிலையாகப் பிரித்தார். கட்டடங்கள் தள்ளித் தள்ளி இருந்தால் காற்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றிப் போகும். கொஞ்சம் நெருங்கினால் ஒன்றின் வால் அடுத்ததன் மேல் மோதிக் கலங்கும். உயரம் தெரு அகலத்தில் ஏறக்குறைய 0.7 பங்கைத் தாண்டிவிட்டால் காற்று கூரைகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு போய்விடும், கீழே தெருவுக்குள் ஒரு சோம்பேறிச் சுழல் மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுழலுக்குள் ஏசி எந்திரங்களின் அனலும் வண்டிப் புகையும் சேர்ந்தால் வெளியேற வழி மெதுவாகத்தான் கிடைக்கும். ஏசியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதைப் பலர் யோசிப்பதில்லை: 1 பங்கு மின்சாரத்தில் 3 பங்கு வெப்பத்தை அறையிலிருந்து எடுக்கும் எந்திரம் வெளியே விடுவது 4 பங்கு. மின்சாரமும் வெப்பமாகித்தானே போக வேண்டும்? கட்டடத்தின் பின்பக்கச் சந்தில் இப்படி எந்திரங்கள் மாடிக்கு மாடி அடுக்கி இருந்தால், கீழ்வீட்டு அனல் மேலே ஏறி மேல்வீட்டு எந்திரத்துக்குள் நுழையும், அது இன்னும் திணறி இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும்.

தெருக்கள் எல்லாம் நேர்கோட்டில், கட்டடங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் இந்த மூன்று நிலைகளை வைத்தே காலத்தை ஓட்டிவிடலாம். நிஜ ஊர் அப்படி இருப்பதில்லை, அதனால்தான் சிமுலேஷன். காற்று முழுவதையும் சின்னச் சின்னப் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வருவது போவது, அழுத்தம், வேகம், வெப்பம் எல்லாவற்றுக்கும், காற்றும் நீரும் எப்படி ஓடும் என்று சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைக் கணினியைக் கொண்டு தீர்ப்பது, அவ்வளவுதான் விஷயம். சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, கஷ்டம் பெட்டிகளின் எண்ணிக்கையில்தான். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் பரப்பு, 200 மீட்டர் உயரம், பெட்டி 2 மீட்டர் என்று வைத்தால் 2.5 கோடிப் பெட்டிகள். 1 மீட்டராக்கினால் 20 கோடி. காலத்தையும் பாதிப் பாதியாக வெட்ட வேண்டும் என்பதால் வேலை 16 மடங்கு. இத்தனைக்கும் பிறகு ஒரு கையளவு சுழல் அதில் அகப்படாது. அகப்படாத சுழல்களுக்கு ஒரு தோராயக் கணக்கு சேர்க்கிறோம். வேலை சீக்கிரம் முடிய வேண்டுமானால் கொந்தளிப்பு முழுவதையும் சராசரியாக்கிவிடும் கே-எப்சிலான் மாதிரி முறை. பொறுமையும் கணினியும் இருந்தால் பெரிய சுழல்களை நேராகவே கணக்கிட்டு, சின்னதுகளை மட்டும் தோராயமாக்கும் எல்ஈஎஸ் முறை.

இதையெல்லாம் எப்படிச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பாவின் காஸ்ட் 732 குழு 2007இலும் ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகம் 2008இலும் வழிகாட்டிகள் வெளியிட்டன. மிக உயர்ந்த கட்டடத்தின் உயரத்தைப் போல் 5 மடங்கு இடம் காற்று வரும் பக்கத்தில் விடு, காற்று போகும் பக்கத்தில் 15 மடங்கு விடு, கட்டடத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் 10 பெட்டியாவது வை, சுற்றியுள்ள கட்டடங்களையும் சேர்த்து வரை. இப்படி எல்லாமே சலிப்பூட்டும் விதிகள். ஆனால் வேறு யாராவது செய்த அறிக்கை கைக்கு வந்தால் வண்ணப் படத்தைத் தாண்டி நான் முதலில் தேடுவது இந்தப் பக்கத்தைத்தான். விற்கப் போகும் கட்டடம் மட்டும் நடுவில், சுற்றிலும் மொட்டைத் தரை என்று போட்ட படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் குறைவதில்லை. பக்கத்து மனையில் இருக்கும் இருபது மாடியைக் காற்று மதிக்காதா?

இப்போது நேரம் பற்றிய விஷயத்துக்கு வருகிறேன். கட்டடக் காற்றுத் தொழில் வளர்ந்ததே பலமான காற்றைக் கண்டு பயந்துதான். அல்லன் டேவன்போர்ட் 1965இல் கனடாவில் தரையோரக் காற்றை அப்படியே உருவாக்கி, சிறிய மாதிரிக் கட்டடங்களைச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தைத் திறந்தது உயரமான கட்டடங்கள் புயலைத் தாங்குமா என்று பார்க்க. பாதசாரி வசதிக்கு இன்றும் பயன்படும் லாசன் அளவுகோல் 1970களில் பிரிட்டனில் பிறந்தது. உட்காரலாமா, நிற்கலாமா, நடக்கலாமா, விழுந்துவிடுவார்களா என்றுதான் அது வரிசைப்படுத்தும். லண்டனில் வாக்கி-டாக்கி என்று மக்கள் கேலியாகக் கூப்பிடும் உயரமான கட்டடம் எழுந்த பிறகு, அதன் முகப்பில் மோதிய காற்று கீழே பாய்ந்து நடப்பவர்களைத் தள்ளுகிறது என்று புகார்கள் வந்தன. 2019இல் லண்டன் மையப் பகுதியின் மாநகராட்சி தனியாகக் காற்று வழிகாட்டியே வெளியிட்டது. எல்லாம் நியாயம்தான், குளிர் ஊரில் காற்று ஒரு தொல்லை. ஆனால் அதே மென்பொருள், அதே பழக்கம், அதே அளவுகோல் அப்படியே வெப்ப ஊர்களுக்கும் இறக்குமதியாகிவிட்டது. காற்று கூடினால் தப்பு என்று சொல்லும் அளவுகோலை வைத்துக்கொண்டு, காற்றே இல்லாத இடத்தில் என்னத்தைத் தேடுவது?

இதற்குள் ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படாதது. சராசரியாக்கும் மலிவு முறை, காற்று வேகமாக இருக்கும் மூலைகளில் நன்றாகவே கணிக்கும், காற்றுச் சுரங்க அளவீட்டோடு 10 முதல் 20 சதவீதத்துக்குள் வந்துவிடும். கட்டடத்துக்குப் பின்னால், காற்று மந்தமாகக் கிடக்கும் பகுதியில் அதே முறை பல மடங்கு தப்பாகப் போகும். இருப்பதைவிட மிகக் குறைவான வேகத்தைச் சொல்லும். அங்கே நிஜத்தில் காற்று சீராக ஓடுவதில்லை, அப்படியும் இப்படியும் ஊசலாடிக்கொண்டிருக்கும். சராசரி அந்த ஊசலாட்டத்தை விழுங்கிவிடுகிறது. லண்டன்காரருக்கு வேண்டிய இடத்தில் கருவி துல்லியம், வெப்பத்தில் தவிப்பவருக்கு வேண்டிய இடத்தில் கருவி பலவீனம். மந்தமான பகுதிகளை வைத்து முடிவெடுப்பதானால் எல்ஈஎஸ்தான் சரி என்பது என் கட்சி. நேரமும் பணமும் கூடும், தெரிந்துதான் சொல்கிறேன். இல்லாவிட்டால் மலிவு முறையை வைத்து இரண்டு மூன்று வடிவமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அதற்கு அது போதும். இந்த இடத்தில் நொடிக்கு 0.4 மீட்டர் வேகம் என்று அது சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது மிதப்பு விசை. பெரும்பாலான அறிக்கைகளில் காற்று, சுவர், தரை எல்லாமே ஒரே வெப்பநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறார்கள். பலத்த காற்றில் அது பரவாயில்லை. காற்று குறையக் குறைய, சூடான சுவரோரம் மேலே எழும் காற்று மேலாதிக்கம் செய்ய ஆரம்பித்துவிடும். இரண்டில் எது பெரியது என்பதை ரிச்சர்ட்சன் எண் சொல்லும். 20 மீட்டர் உயரத் தெரு, சுவருக்கும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வையுங்கள். காற்று நொடிக்கு 5 மீட்டரில் வந்தால் அந்த எண் சுமார் 0.26, வெப்பத்தை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு கொஞ்சம் தாங்கும். காற்று 1 மீட்டருக்கு இறங்கினால் அதே எண் 6.5. இப்போது தெருவுக்குள் காற்றை ஓட்டுவது வெளிக்காற்றைவிடச் சுவரின் சூடுதான். சுவரில் எந்தப் பக்கம் வெயில் பட்டது, எத்தனை மணிக்குப் பட்டது, உள்ளே எவ்வளவு சூடு தேங்கியது என்பதெல்லாம் தெரியாமல் அந்தத் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வெப்பத்தைச் சேர்க்காமல் போட்ட காற்றுப் படத்தைக் காட்டி வெப்பம் குறையும் என்று எழுதுவது எனக்கு ஒத்துக்கொள்ளாத காரியம்.

சரியான கேள்வியைக் கேட்ட ஊர்களும் இருக்கின்றன. 2003இல் சார்ஸ் என்ற தொற்றுநோய் வந்தபோது ஹாங்காங்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் காற்றோட்டம் பற்றிய கவலை பெரிதாக எழுந்தது. அதற்குப் பிறகு 2006இல் அந்த அரசு காற்றோட்ட மதிப்பீடு என்று ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தது. எட்வர்ட் இங் தலைமையில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தினர் அதன் பின்னால் உழைத்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது அது அளக்கும் பொருள். காற்று அதிகமாகிவிடுமா என்று அது கவலைப்படுவதில்லை. கட்டடங்களின் தொந்தரவு எட்டாத உயரத்தில் வீசும் காற்றில் எத்தனை பங்கு, தெருவில் நடப்பவரின் உயரத்துக்கு வந்து சேர்கிறது என்ற விகிதத்தைத்தான் கேட்கிறது. விகிதம் 0.15 என்றால், மேலே நொடிக்கு 6 மீட்டரில் ஓடும் காற்று கீழே 0.9ஆக வருகிறது. 16 திசைகளுக்கும் கணக்கிட்டு, எந்தத் திசையில் காற்று எவ்வளவு அடிக்கடி வருகிறதோ அதற்கேற்ப எடை கொடுத்துச் சேர்க்கிறார்கள். கோடைக்குத் தனியாகவும் பார்க்கிறார்கள். முழு வருடச் சராசரி குளிர்காலக் காற்றால் உப்பிப்போய் நம்மை ஏமாற்றிவிடும் என்பதால் அந்தக் கோடைக் கணக்கு முக்கியம்.

அங்கே பிறந்த வழிகாட்டுதல்கள் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முக்கியச் சாலைகளைக் காற்று வரும் திசையோடு நேராகவோ 30 டிகிரிக்குள் சாய்வாகவோ போடு. கட்டடங்களை மதில் மாதிரி ஒட்ட வைக்காதே. அடித்தளத்தில் மனை முழுவதையும் அடைக்கும் நாலைந்து மாடிக் கடைத்தொகுதியைக் குறை, அல்லது நடுவில் திற. உயரங்களை மாற்றி மாற்றி வை. இந்தக் கடைசி விஷயம் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தாழ்ந்த கட்டடங்களுக்கு நடுவே எழும் ஓர் உயரக் கட்டடம் மேல்காற்றை வாங்கிக் கீழே தள்ளும். லண்டனில் புகார் கிளப்பிய அதே கீழ்ப்பாய்ச்சல்தான். காற்றில்லாமல் தவிக்கும் வெப்ப ஊரில் அது வரம். எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் வெட்டிவைக்கும் விதிகள் பார்க்க ஒழுங்காக இருக்கும், காற்று மட்டும் மேலேயே வழுக்கிப் போய்விடும்.

ஸ்டுட்கார்ட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஜெர்மனியில் ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் உட்கார்ந்திருக்கும் ஊர், இயல்பாகவே காற்று குறைவு. 1938இலேயே அந்த நகராட்சி வானிலை வேலைக்கென்று ஆள் வைத்தது, இன்றும் அந்தப் பிரிவு இருக்கிறது. அவர்கள் காப்பாற்ற நினைக்கும் காற்று நொடிக்குச் சில மீட்டர்கூட வராத மெல்லிய காற்று. இரவில் மரங்கள் அடர்ந்த சரிவுகளில் குளிர்ந்து கனமான காற்று, தண்ணீர் வழிவதைப் போலப் பள்ளத்தை நோக்கி மெதுவாக இறங்கும். அந்தப் படலத்தின் தடிமன் சில பத்து மீட்டர்கள்தான், குறுக்கே ஒரு வரிசைக் கட்டடம் எழுந்தால் அணை கட்டியது போல் நின்றுவிடும். அதனால் குளிர்காற்று எங்கே பிறக்கிறது, எந்த வழியாக இறங்குகிறது என்று வரைபடம் போட்டு, அந்தத் தடங்களில் கட்டடம் எழுவதைக் கட்டுப்படுத்துகிறார்கள். வரைபடம் இவர்கள் கையில் சிமுலேஷன் வருவதற்கு முன்பே இருந்தது. சிமுலேஷன் வந்து அதைத் தெரு அளவுக்குக் கூர்மையாக்கியது. ஹானோவர் பல்கலைக்கழகத்தில் 1997 முதல் வளர்ந்துவரும் பாம் என்ற எல்ஈஎஸ் மென்பொருளை நகரங்களுக்கு ஏற்றபடி விரித்தபோது சோதித்துப் பார்த்த ஊர்களில் ஸ்டுட்கார்ட்டும் ஒன்று. அது இலவசம், திறந்த மூலம். 2004இல் திறந்த மூலமாக வெளிவந்த ஓப்பன்ஃபோமும் அப்படித்தான். மென்பொருளுக்குக் காசில்லை என்ற சாக்கு இன்று யாருக்கும் செல்லாது.

காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டுப் பாதை மட்டும் போடுகிறவர்களும் உண்டு. பாதையின் மறுமுனையில் கடலோ காடோ ஏரியோ வயலோ இருந்தால்தான் குளிர்ந்த காற்று கிடைக்கும். மறுமுனையில் பத்து கிலோமீட்டருக்குத் தொழிற்சாலைக் கூரைகள் என்றால், அந்தப் பாதை அனலைத்தான் இழுத்துவரும். கடற்கரை ஓரத்தில் உயரக் கட்டடங்களை வரிசையாக நிறுத்தி, கடல்காற்றை உள்ளே போகவிடாமல் செய்துவிட்டு உள்ளூர்த் தெருக்களில் காற்றுப்பாதை போடுவது இன்னொரு வேடிக்கை. டோக்கியோவின் ஷியோடோமே பகுதியில் 2000களின் தொடக்கத்தில் எழுந்த கோபுரங்கள் விரிகுடாக் காற்றைத் தடுக்கின்றன என்ற விவாதம் அந்த நாட்டுத் திட்டமிடலையே கொஞ்சம் உலுக்கியது. எல்லாக் காற்றும் நல்லதும் அல்ல. காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையான சுமார் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், காற்று வீச வீச உடம்புக்கு வெப்பம் ஏறத்தான் செய்யும்; வியர்வை ஆவியாவதால் கிடைக்கும் குளிர்ச்சி அதை ஈடுகட்டினால் உண்டு. வறண்ட பாலை ஊர்களில் சந்துகளை ஒடுக்கமாகவும் வளைவாகவும் வைத்தது பகல் காற்றை உள்ளே விடாமல் நிழலைச் சேமிக்கத்தான். அங்கே போய் அகலமான காற்றுச் சாலை போட்டால் கெட்டது.

மரங்களைப் பற்றி ஒரு வார்த்தை, திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. மரம் நிழல் தரும், நீராவி விட்டுக் குளிர வைக்கும், பகலில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதன் அடர்ந்த தலை காற்றைப் பிடித்து நிறுத்தும். குறுகிய தெருவில் இரண்டு பக்கமும் கிளைகள் கூடிக் கூரை போட்டுவிட்டால், இரவில் சூடும் புகையும் வெளியேற வழி குறையும். சிமுலேஷனில் மரத்தைத் துளைகள் நிறைந்த ஒரு பொருளாக வைத்து, இலை அடர்த்திக்கு ஏற்பக் காற்றுக்கு எவ்வளவு தடை என்று கொடுக்கிறோம், அப்போது இந்த முரண்பாடு நன்றாகத் தெரியும். மரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காற்று நுழையும் வாயிலில் உயரமான தண்டும் மெல்லிய தலையும் உள்ள மரங்கள், நடப்பவர்கள் அதிகம் இருக்கும் ஓரத்தில் அடர்ந்த நிழல் என்று பிரித்து நட வேண்டும், அவ்வளவுதான். வெள்ளைப் பூச்சு அடித்த தரையும் இதே மாதிரி இரண்டு பக்கமும் வெட்டும். தரை குளிரும், அதிலிருந்து தெறிக்கும் வெயில் நடப்பவர் மேலேயே விழும். கூரையில் அடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், செய்யும் கட்டம் தப்பினால் எல்லாம் வீண். பெரும்பாலும் என் மாதிரி ஆட்களைக் கூப்பிடுவது மனை பிரித்து, சாலை முடிவாகி, கட்டடத்தின் வடிவமும் உறுதியாகி, அனுமதிக்கு ஓர் அறிக்கை மட்டும் பாக்கி என்ற நிலையில். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்போது மாற்ற முடிந்தது ஒரு நுழைவாயிலும் நாலு தொட்டிச் செடியும்தான். ஒரு நிறுவனம் முடிந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பி, படத்தில் நீலம் அதிகமாக இருக்கிறது, அளவுகோலை மாற்றிப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டது. அளவுகோலின் உச்சத்தை 5 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு இறக்கினால் நீலம் பச்சையாகும், பச்சை சிவப்பாகும், காற்று மட்டும் இம்மியும் நகராது. படம் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: வண்ணத்தைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் எண்களைப் பாருங்கள்.

சாலைகளின் திசை, மனைகளின் அளவு, எங்கே திறந்தவெளி என்ற மூன்றும் முடிவாகும் முன்பே காற்றைக் கணக்கிட வேண்டும். அந்தக் கட்டத்துக்கு நுணுக்கமான மாதிரி தேவையே இல்லை. கட்டடங்களை வெறும் செங்கல் வடிவத்தில் வைத்து நாலைந்து மாற்று ஏற்பாடுகளை ஒப்பிட்டாலே பெரிய தப்புகள் வெளியே தெரிந்துவிடும். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் புதிய குடியிருப்புகளில் கட்டடங்களை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று முடிவெடுக்கும்போதே காற்று சிமுலேஷனைச் சேர்த்துக்கொள்கிறது, அங்கே நிலமும் வடிவமைப்பும் ஒரே கையில் இருப்பதால் அது சாத்தியமாகிறது. மற்ற இடங்களில் சிக்கல் இதுதான்: மனை ஒருவருடையது, அதன் காற்று நிழல் அடுத்தவர் மேல் விழுகிறது. கட்டுபவர் தன் மனைக்குள் வசதி பார்த்து அறிக்கை வாங்குவார். பின்னால் இருக்கும் தெருவுக்காகப் பேச அந்த அறிக்கையில் ஆளில்லை. ஹாங்காங்கிலேயே அந்த மதிப்பீடு அரசுத் திட்டங்களுக்குத்தான் கட்டாயமானது, தனியாருக்கு ஊக்கம் மட்டும். காற்றை மனை மனையாக விலைபேச முடியாது என்பதால், நகர நிர்வாகமே ஊர் முழுவதற்கும் ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு, புதிதாக வரும் ஒவ்வொரு கட்டடத்தையும் அதற்குள் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கான வழி. அதற்குச் செலவு மென்பொருளில் இல்லை, தரவில் இருக்கிறது: கட்டடங்களின் உயரம், மரங்களின் அளவு, மேற்பரப்புகளின் தன்மை, ஊருக்குள்ளேயே நட்ட காற்றுமானிகள். ஊருக்கு வெளியே விமான நிலையத்தில் 10 மீட்டர் கம்பத்தில் அளந்த ஒரே ஒரு எண்ணை வைத்துக்கொண்டு நகரத்தின் நள்ளிரவைக் கணிப்பது அரைகுறை வேலை.

இப்போது செயற்கை நுண்ணறிவைக் கொண்டு சில நொடிகளில் காற்றுப் படம் தரும் கருவிகள் வந்துவிட்டன. ஆரம்பக்கட்ட ஒப்பீட்டுக்கு நல்லதுதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அவை கற்றுக்கொண்டது வழக்கமான சிமுலேஷன்களிலிருந்து. அந்த சிமுலேஷன்கள் எல்லாம் பலத்த காற்றுக்கும் ஒரே வெப்பநிலைக்கும் போட்டவை என்றால், கருவியும் அதே தப்பை வேகமாகச் செய்யும்.

நான் அனுமதி கொடுக்கும் இடத்தில் இருந்தால் அறிக்கையில் வண்ணப் படத்தைக் கேட்கவே மாட்டேன். மூன்று விஷயம் கேட்பேன். கோடையில் காற்று மிகக் குறைவாக இருக்கும் இரவு நேரத்துக்கு, சுவர்ச் சூட்டையும் சேர்த்துப் போட்ட கணக்கு எங்கே? நிராகரித்த மாற்று வடிவமைப்புகள் எவை, எதனால் நிராகரித்தீர்கள்? உங்கள் மனைக்குப் பின்னால் இருக்கும் தெருவில் காற்று எவ்வளவு குறைகிறது? கட்டி முடித்த பிறகு ஒரு கோடை முழுவதும் அந்த மனையிலும் பின்தெருவிலும் காற்றுமானியும் வெப்பமானியும் வைத்து அளந்து, எண்களைப் பொதுவில் போட வேண்டும் என்பதையும் அனுமதியின் நிபந்தனையாக வைப்பேன். இந்தத் தொழிலில் கணித்ததையும் கட்டியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அரிதாகவே நடக்கிறது. அப்படிச் சேரும் எண்கள் அடுத்த சிமுலேஷனைத் திருத்தும், கணித்தவர் எத்தனை டிகிரி தப்பினார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். என் கணக்கையும் சேர்த்துத்தான்.